காதுக்குப் பின்னால் ஒரு முத்து

பங்குனி பிறந்த புதிதில் ஒரு சனிக்கிழமை. மூன்றாம் வகுப்பு படிக்கிற மகனுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். முதுகில் பனித்துளி மாதிரி ஒன்று கையில் பட்டது. சுற்றிலும் லேசான சிவப்பு, நடுவில் தண்ணீர். வியாழன் ராத்திரியே உடம்பு கொஞ்சம் சுட்டது. மாத்திரை கொடுத்து வெள்ளிக்கிழமை பள்ளிக்கு அனுப்பியிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

அத்தை பார்த்ததுமே, "அம்மா வந்திருக்கா. வெளிய யார்ட்டயும் சொல்லாத, ஆஸ்பத்திரியும் வேண்டாம்" என்று சொல்லி வாசலில் வேப்பங்குலையைக் கட்டிவிட்டார்கள். "அடுத்தவங்க உள்ள வரக்கூடாதுன்னுதானே அத்தை குலை கட்டுதோம்? பள்ளிக்கூடத்துக்கும் அதத்தான் சொல்லப் போறேன்" என்றேன். அத்தை பதில் சொல்லவில்லை. ஆனால் ஆட்டோ வந்தபோது மகனைப் போர்த்திவிட்டது அவர்கள்தான்.

அம்பாசமுத்திரத்தில் டாக்டர் பார்த்துவிட்டுச் சின்னம்மைதான் என்றார். முத்து கிளம்புவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே பரவத் தொடங்கிவிடுமாம். எல்லா முத்தும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை அது நிற்காது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரின் கூடவே கூடாது என்று அழுத்திச் சொன்னார். வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் குளிக்கலாம், நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும். தடுப்பூசி அட்டையை எடுத்துக் காட்டினேன். அரசு அட்டவணைப்படி ஒன்று விடாமல் போட்டிருக்கிறோம். சின்னம்மை ஊசி அந்த அட்டவணையில் இல்லை, தனியாகத்தான் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு மூன்று நாளுக்குள் போட்டாலும் பலன் உண்டு என்று சொல்லி, நாலு வயது மகளுக்கு அப்போதே போட்டார். அவளுக்கு வரவே இல்லை.

வகுப்பு டீச்சருக்குப் போன் செய்தேன். "காய்ச்சல் விட்டதும் அனுப்பிருங்க, பரீட்சை வருது" என்றார். மற்ற பெற்றோருக்குச் சொல்வீர்களா என்று கேட்டதற்கு, வீணாகப் பயப்படுவார்கள் என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரே பெஞ்சில் மூன்று பையன்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். மற்ற இருவரின் அம்மாக்களுக்கும் நானே பேசினேன்.

ஒருத்தி ஏழு மாதக் கர்ப்பிணி. சின்ன வயதில் அம்மை போட்டதில்லை என்றாள். குரல் அப்படியே இறங்கிவிட்டது. "அக்கா, பயமா இருக்கு" என்றாள். அன்று சாயங்காலமே அவள் தன் டாக்டரைப் போய்ப் பார்த்தாள். தொற்றியிருந்தால் பத்தாவது நாளிலிருந்து இருபத்தோராவது நாளுக்குள் முத்து கிளம்பும் என்பதால், ஒரு வாரத்துக்குள்ளேயே பையனைக் கல்லிடைக்குறிச்சியில் ஆச்சி வீட்டில் கொண்டுபோய் விட்டாள். பள்ளிக்கும் அனுப்பவில்லை. ஆச்சிக்கு எப்போதோ அம்மை போட்டு முடிந்திருந்தது.

என் மகனுக்கு வாய்க்குள்ளும் முத்து. நுங்கும் இளநீரும்தான் இறங்கியது. ராத்திரி சொறியாமல் இருக்கக் கையைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தேன்.

எட்டாம் நாள் சான்றிதழ் வாங்கப் போனோம். மறுநாள் உத்திரம். சாஸ்தா கோயிலுக்கு வேன் பேசியாயிற்று, புதுச்சட்டையும் எடுத்தாயிற்று. டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லி ஒவ்வொரு பொருக்காகத் தொட்டுப் பார்த்தார். கடைசியாக இடது காதை மடக்கினார். பின்னால், முடி ஓரத்தில், ஒரே ஒரு முத்து இன்னும் ஈரமாக மினுங்கியது. "இன்னும் ரெண்டு நாள்" என்றார்.

வீட்டில் அவன் அழுத அழுகை எனக்குத் தாங்கவில்லை. ஒரு முத்துதானே என்று வாய்வரை வந்துவிட்டது. அத்தைதான், "கோயில்ல எத்தன கைப்பிள்ளைய கொண்டுவருவாவ, எத்தன பிள்ளத்தாச்சி வரும். சாஸ்தா எங்கயும் போயிர மாட்டாரு, அடுத்த வருசம் போவோம்" என்றார்கள். அவர்களும் போகாமல் இவனோடு வீட்டில் இருந்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை சான்றிதழ் கிடைத்தது, செவ்வாய்க்கிழமை பள்ளிக்குப் போனான். பெஞ்சில் பக்கத்து இடம் காலி. வெள்ளிக்கிழமை காலையில் அந்தத் தங்கச்சி போன் செய்தாள்.

"அக்கா, கல்லிடையில அவனுக்கு முத்து போட்டிருச்சு. எனக்கு ஒண்ணும் இல்ல."