"சும்மா ஒரு கையெழுத்துதாம்மா"

மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் பெற்றோரிடம் பள்ளியில் இப்படிச் சொல்லி நீட்டும் தாளில் பல நேரம் மூன்று சம்மதங்கள் ஒன்றாக இருக்கும்: பிள்ளையை மதிப்பீடு செய்ய, மருத்துவ அறிக்கையைப் பிறருக்குக் காட்ட, அந்தப் பிள்ளைக்கென்றே இலக்குகளோடு எழுதும் தனிநபர் கல்வித் திட்டத்தை நடத்த. மதிப்பீட்டுக்குச் சரி, திட்டத்தைப் படித்த பிறகுதான் அதற்குச் சம்மதம் என்றால், அதைத் தமிழில் அங்கேயே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடலாம். கட்டங்கள் காலியாக உள்ள தாளில் மட்டும் வேண்டாம். அப்புறம் யார் என்ன நிரப்பினாலும் கீழே இருப்பது உங்கள் பெயர்.

திட்டத்தைப் பற்றிப் பேசும் கூட்டம் காலை பத்து மணிக்கு என்பார்கள். காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாவுக்கு அது தோதான நேரமா? வேறு நேரம் கேளுங்கள். வகுப்பாசிரியரும் சிறப்புப் பயிற்றுநரும் சேர்ந்து இருக்கும் நாளாகப் பார்த்துக் கேளுங்கள். ஒருவர் இல்லாவிட்டால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் வாங்கிய குறைபாட்டுச் சான்றிதழ், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யுடிஐடி இரண்டின் நகலையும் கொடுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள். குறைபாடு 40 முதல் 79 சதவீதம் வரை என்றால் யுடிஐடி மஞ்சள் அட்டை, 80-உம் அதற்கு மேலும் என்றால் நீலம். ஆனால் பிள்ளைக்குப் பென்சில் பிடிக்க வருமா, கழிவறைக்குத் தனியாகப் போவாளா என்பதை அந்த எண் சொல்லாது. திட்டத் தாளின் 'தற்போதைய நிலை' என்ற கட்டத்தில் சதவீதத்தை மட்டும் எழுதியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். இலக்கும் அப்படித்தான். 'கவனம் மேம்படும்' என்பதை யாரும் அளக்க முடியாது. 'மூன்று மாதத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து இரண்டு வேலை முடிப்பாள்' என்றால் அளக்கலாம். யார் சொல்லிக்கொடுப்பார், வாரம் எத்தனை நாள் என்பதும் எழுத்தில் வேண்டும்.

அதிகம் சறுக்குவது வீட்டுவழிக் கல்வியில். 'இவனை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஆள் அனுப்புகிறோம்' என்பது அக்கறையாகத்தான் காதில் விழும். கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தம், கடுமையான அல்லது பல்வகைக் குறைபாடுள்ள பிள்ளைக்கு அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத்தான் தந்தது. பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவைக்கும் உரிமையைப் பள்ளிக்குத் தரவில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-ஆவது பிரிவும், 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு, அருகிலுள்ள பள்ளியோ சிறப்புப் பள்ளியோ, விரும்பியதில் இலவசக் கல்வி என்கிறது. மறுத்தால் காரணத்தை எழுதிக் கேளுங்கள். எழுதச் சொன்னாலே பாதிப் பேச்சு அடங்கிவிடும்.

கையெழுத்திட்ட தாளை அன்றைக்கே செல்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

18 வயதானதும் பெற்றோர் கையெழுத்து தானாகச் செல்லாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பாதுகாவலர் தேவைப்பட்டால், 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும்.