ஹ்ரோன்செக்: தடைகளுக்குள் எழுந்த மர ஆலயம்

ஸ்லோவாக்கியாவின் பான்ஸ்கா பிஸ்த்ரிட்சாவிலிருந்து ஸ்வோலன் போகும் ரயில் பாதையில் ஹ்ரோன்செக் வருகிறது. சின்னக் கிராமம்தான். மார்ட்டின் லூதர் வழிவந்த புராட்டஸ்டண்ட் சபையான லுத்தரன் மரபில் வளர்ந்தவர்கள் ஒருமுறையாவது போய் நின்று ஜெபிக்க வேண்டிய இடம்.

கத்தோலிக்க அரச குலமான ஹப்ஸ்பர்க் ஆட்சியில் 1681-ல் சோப்ரோன் நகரில் கூடிய ஹங்கேரி நாடாளுமன்றம், மாவட்டத்துக்கு இரண்டு ஆலயம் என்ற கணக்கில் லுத்தரன்களுக்கு அனுமதி கொடுத்தது. அனுமதியோடு கெடுபிடிகளும் வந்தன. ஊருக்கு வெளியே கட்ட வேண்டும், மரத்தில்தான் கட்ட வேண்டும், இரும்பு ஆணி கூடாது, கோபுரம் கூடாது, ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும். இங்கே 1725 அக்டோபர் 23-ல் வேலை தொடங்கி, அடுத்த ஆண்டே முடித்துவிட்டார்கள். நம் தரங்கம்பாடியில் லுத்தரன்களின் புதிய எருசலேம் ஆலயம் எழுந்து அப்போது எட்டே ஆண்டுகள்.

சுவர் அருகே போய் மரச்சட்டங்கள் சேரும் இடத்தைப் பாருங்கள். ஒன்றின் முனையைச் செதுக்கி மற்றொன்றின் துளையில் செருகி, குறுக்கே மரமுளை அடித்திருக்கிறார்கள். ஈரத்தில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும். மரமுளையும் கூடவே உப்பிச் சுருங்குவதால் பிடி தளராது. இரும்பாணி துருப்பிடித்தால் சுற்றியுள்ள மரமும் கெட்டுப்போகும். ஒடுக்க நினைத்துப் போட்ட தடை கட்டடத்துக்கு ஆயுளாக மாறியதில் தேவனுடைய கரத்தையே காண்கிறோம்.

உள்ளே சிலுவை வடிவம். நீண்ட கை 23 மீட்டர், குறுகியது 18 மீட்டர், உயரம் 8 மீட்டர். இருக்கைகள் படிப்படியாக உயர்ந்து நடுவை நோக்கி இருக்கின்றன. சுமார் 1,100 பேர் அமரலாம். கடைசி வரிசையில் இருப்பவரும் பிரசங்கியாருக்குத் தூரமில்லை. வசனத்தைக் கேட்பதே ஆராதனையின் உயிர் என்று நம்பியவர்கள் போட்ட அமைப்பு இது. இத்தனை பேர் நெரிசலின்றி வெளியேற வாசல்கள் ஐந்து. பீடத்தின் ஓவியங்கள் 1771-ஐச் சேர்ந்தவை, மொத்தம் ஆறு. திருச்சபை ஆண்டின் காலத்துக்கு ஏற்ப மாற்றி வைப்பார்கள். அதனால் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களில் போகிறவர் பார்க்கும் பீடமும் ஈஸ்டருக்குப் போகிறவர் பார்க்கும் பீடமும் ஒன்றாக இராது.

மணிக்கூண்டு ஆலயத்தோடு ஒட்டாமல் தனியே நிற்கிறது. கோபுரத்துக்குத் தடை இருந்ததல்லவா.

இன்றும் சபை கூடும் ஆலயம் இது. ஆராதனை நேரத்தில் போனால் சுற்றிப் பார்க்க முயலாமல் உட்கார்ந்து கலந்துகொள்ளுங்கள். மற்ற நாட்களில் பூட்டியிருக்கலாம், முன்கூட்டியே சபை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. நாள் இருந்தால் கெஷ்மாரோக், லெஷ்தினி ஆலயங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே அனுமதியில் எழுந்த இவையும் ஹ்ரோன்செக்கோடு 2008-ல் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.