65535 என்று காட்டினால் நம்பிவிடாதீர்கள்

சின்கிளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற பழைய வீட்டுக் கணினியின் 16கே (கிலோபைட்) நினைவகத்தை 48கே ஆக்கியவர்கள், நினைவகத்தின் கடைசி முகவரி எது என்று பார்க்க முதலில் தட்டும் பேசிக் மொழி வரி ஒன்று உண்டு: பிரிண்ட் பீக் 23732 + 256 * பீக் 23733. விடை 32767 என்றால் கணினி இன்னும் 16கேதான். 65535 என்றால் 48கே. என்னுடையது 65535 என்றது. ஆனால் 48கே விளையாட்டு எதை நாடாவிலிருந்து ஏற்றினாலும், ஏறி முடித்த கையோடு திரை சிதறி, கணினி முதலிலிருந்து தொடங்கிவிடும்.

இந்தக் கணினி 1982இல் பிரிட்டனில் வெளிவந்தது. 16கே 125 பவுன், 48கே 175 பவுன். என் 16கே பலகையில் மேல் நினைவகத்துக்கான, அதாவது கூடுதல் 32கேக்கான, சாக்கெட்டுகள் பன்னிரண்டும் காலியாகவே இருந்தன. எட்டு நினைவகத்துக்கு, நான்கு லாஜிக் சில்லுகளுக்கு. 48கே கணினிகளில் அந்த எட்டில் சின்கிளேர் நிறுவனம் அன்று போட்டது 4532 என்ற சில்லு. உண்மையில் அது ஒரு பாதி பழுதான 64 கிலோபிட் சில்லு. தேறாத சரக்கை மலிவாக வாங்கி, நல்ல பாதியை மட்டும் பயன்படுத்தினார்கள். மேல்பாதியா கீழ்பாதியா என்பதைப் பலகையிலுள்ள ஒரு கம்பி இணைப்பு தீர்மானிக்கும். நிறுவனத்தின் தலைவர் கிளைவ் சின்கிளேரிடம் கஞ்சத்தனம் எங்கே முடிகிறது, கெட்டிக்காரத்தனம் எங்கே தொடங்குகிறது என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

இப்போது 4532ஐத் தேடி அலைவதைவிட முழு 64 கிலோபிட் சில்லான 4164ஐப் போடுவது எளிது. பழைய பலகைகளிலிருந்து கழற்றி விற்கப்பட்ட எட்டை வாங்கிப் பொருத்தினேன். அதன் பிறகுதான் அந்தத் திரைச் சிதறல். சில்லுகளுக்கான 5 வோல்ட் மின்சாரம் சரியாக இருந்தது. சாக்கெட்டுகளைத் துடைத்தும் பயனில்லை.

சந்தேகம் கணினியின் சுயசோதனை மேலேயே திரும்பியது. ஸ்பெக்ட்ரத்தை இயக்கியதும் திரையில் சிவப்புக் கோடுகள் மின்னி மறையுமே, அதுதான் சோதனை. நினைவகம் முழுவதும் 2 என்ற எண்ணை எழுதுகிறது. பிறகு ஒவ்வோர் இடத்திலும் ஒன்றைக் கழித்து, மறுபடி ஒன்றைக் கழித்து, பூஜ்யம் வந்தால் அந்த இடம் நல்லது என்று மேலே நகர்கிறது. 2, 1, 0. இவற்றை இரும எண்ணில் எழுதிப் பாருங்கள்: கடைசி இரண்டு பிட்கள் மட்டுமே அசைகின்றன, மற்ற ஆறும் கடைசிவரை பூஜ்யம். அந்த ஆறில் ஒன்று பூஜ்யத்திலேயே செத்துக் கிடந்தாலும் சோதனை அதைக் கண்டுகொள்ளாது. ஒன்றிலேயே சிக்கிக்கொண்ட பிட்டைத்தான் பிடிக்கும். மருத்துவர் நோயாளியின் வலது கையை மட்டும் பார்த்துவிட்டு உடம்பு முழுக்க நலம் என்று சீட்டு எழுதிக் கொடுப்பது மாதிரி.

ஆகவே என் சோதனையை நானே எழுதினேன். முதலில் கிளியர் 32767, அதாவது 32767க்கு மேலே போகாதே என்று பேசிக்குக்குச் சொல்லும் கட்டளை. இதைச் செய்யாவிட்டால் பேசிக் தன் தற்காலிகக் குறிப்புகளை வைக்கும் அடுக்கு மேல் நினைவகத்திலேயே இருக்கும், சோதனை அதையே அழித்துவிடும். பிறகு 32768 முதல் 65535 வரை ஒவ்வொரு முகவரியிலும் 255ஐ எழுதி, திரும்பப் படித்து, மாறியிருந்தால் முகவரியையும் எண்ணையும் அச்சிடும் சிறு சுழல். பேசிக் மெதுவானது. காபி போட்டுக் குடிக்க நேரம் இருந்தது.

தொடர்ச்சியான 128 முகவரிகளில் மட்டும் 255க்குப் பதில் 251 வந்தது. நான்கு குறைவு என்றால், பூஜ்யத்திலிருந்து எண்ணினால், பிட் 2. இந்தக் கணினியில் ஒரு சில்லுக்கு ஒரு பிட் என்பதால் குற்றவாளி ஒரே ஆள். அது சில்லா, சாக்கெட்டா? பக்கத்துச் சில்லோடு இடம் மாற்றிவிட்டு மறுபடி ஓட்டினேன். அதே முகவரிகளில் இப்போது 247. குற்றம் சில்லோடு சேர்ந்து பிட் 3க்கு நகர்ந்துவிட்டது.

இன்னொரு சில்லு வாங்கத்தான் நினைத்தேன். ஆனால் 4164இல் நாம் பயன்படுத்துவதே பாதிதான். பழைய இணைப்புக் கம்பியின் ஈயத்தை உருக்கி, அதை அடுத்த பாதிக்கு மாற்றிப் பற்றவைத்தேன். எட்டுச் சில்லுகளும் சேர்ந்தே மறுபாதிக்குப் போகும், அதில் வேறொன்று பழுதாக இருந்தால் என் பாடு திண்டாட்டம்தான். சுழல் கடைசிவரை ஓடியது, ஒரு முகவரிகூட அச்சாகவில்லை. விளையாட்டுகளும் இப்போது ஓடுகின்றன. மாற்றுச் சில்லுக்கான ஆர்டரை ரத்து செய்துவிட்டேன்.