ஒரு வாக்கியம் சேர்க்க ஐந்து மாதம்

இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லுக்கு ஒரு தரநிலை உண்டு, உலாவிகள் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் விதிநூல். அதில் நான் சேர்க்க நினைத்தது ஒரே ஒரு வாக்கியம். போன வாரம்தான் சேர்ந்தது. ஐந்து மாதம். அதில் மூன்று மாதத்தை எங்கள் ஆபீஸ் சட்டப் பிரிவே தின்றுவிட்டது.

விஷயம் சின்னது. ஒரு படிவத்தில் இரண்டு வேலைகளில் எது முதலில் நடக்க வேண்டும் என்பதில் இரண்டு உலாவிகள் ஒருமாதிரி, மூன்றாவது வேறுமாதிரி. விதியில் அந்த இடத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன்.

முதல் கோணல் என்னுடையதுதான். எப்போதோ சேமித்துவைத்த, டபிள்யூ3சி என்ற இணையத் தரநிலை அமைப்பின் எச்டிஎம்எல் 5.2 பிரதியைப் படித்து, அதன் பிரிவு எண்ணைப் போட்டு இரண்டு பக்கம் எழுதினேன். அது 2017ஆம் ஆண்டுப் பிரதி. 2019 மே மாதமே டபிள்யூ3சியும், உலாவிக் கம்பெனிகள் நடத்தும் வாட்விக் என்ற அமைப்பும் ஒப்பந்தம் போட்டு, எச்டிஎம்எல், டாம் (பக்கத்தை நிரல்கள் கையாளும் முறை) இரண்டும் வாட்விக்கின் ‘வாழும் தரநிலை’யாக மட்டும் வளரும் என்று முடிவாகிவிட்டது. பதிப்பு எண்ணே கிடையாது. பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே மாற்றிய பிறகு பழைய ஸ்டாண்டில் வண்டிக்கு நின்ற கதைதான் என் கதை. இரண்டு பக்கமும் வீண்.

சரி, புதிதாக எழுதி, வாட்விக் தரநிலையை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் அனுப்பினேன். உடனே சிவப்புக் குறி: வாட்விக்கோடு போட வேண்டிய பங்கேற்பாளர் ஒப்பந்தம் இல்லை. என் பெயரில் கையெழுத்துப் போட்டால் போச்சு என்று நினைத்தேன். இங்கேதான் பலரும் மாட்டுவார்கள். வெப் தொழில்நுட்ப வேலையில் சம்பளம் வாங்குகிறவர் என்றால் கம்பெனிதான் கையெழுத்துப் போட வேண்டும். பேட்டன்ட் விவகாரம்: விதியில் எழுத்தை நுழைத்துவிட்டு, பின்னால் அதே எழுத்துக்குக் காசு கேட்கக் கூடாது என்பதற்காக.

சட்டப் பிரிவுக்கு அனுப்பினேன். ‘இதில் நமக்கு என்ன லாபம்?’ என்று பதில். அப்புறம் ‘நம் பேட்டன்ட் எல்லாம் போய்விடுமா?’ எங்களிடம் ஒரு பேட்டன்ட்கூட இல்லை ஐயா! ஹெச்ஆரிடம் போ என்றார்கள். அவர்கள் இயக்குநரிடம் போ என்றார்கள். கடைசியில் இயக்குநரை லிஃப்டில் பிடித்துச் சொன்னேன், அன்று மாலையே கையெழுத்தாகிவிட்டது. நிரல் எழுத உட்காரும் முன்பே இந்தக் காகிதத்தை முடித்துவிடுங்கள்.

அடுத்து, உலாவியின் உள்ளே பக்கத்தைக் காட்டும் மென்பொருள்தான் எஞ்சின்; அதைச் செய்கிறவர்களில் குறைந்தது இரண்டு பேராவது ஆர்வம் காட்ட வேண்டும், யாரும் எதிர்க்கக் கூடாது. உலாவிகள் செய்யாததை விதியில் எழுதி என்ன பயன், நியாயம்தான். இரண்டு எஞ்சின்கள் ஏற்கெனவே அப்படித்தான் நடந்ததால் தப்பித்தேன். புது வசதி கேட்டுப் போகிறவர்கள், முதலில் அவர்களிடம் பேசிவிட்டு எழுதுங்கள்.

சோதனைகளில் ஒரு மாலை போனது. உலாவிகளுக்குப் பொதுவான சோதனைத் தொகுப்பான வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்ட்ஸில், கொஞ்ச நேரம் காத்திருக்க வழக்கமான செட்-டைம்அவுட்டைப் போட்டால், நிரலில் தப்புப் பிடிக்கும் லின்ட் கத்தும், ஸ்டெப்-டைம்அவுட் வேண்டும். பரிசீலனையில் இன்னொரு குட்டு: ‘ஷுட்’ (should, செய்வது நல்லது) என்று எழுதியிருந்தேன், ‘மஸ்ட்’ (must, கட்டாயம்) ஆக்கச் சொன்னார்கள். ‘ஷுட்’ என்றால் தக்க காரணம் இருந்தால் உலாவி வேறுமாதிரி செய்யலாம், அப்புறம் என் சோதனையில் அது தோற்றால் தப்பு என்று எப்படிச் சொல்வது? வரி 100 எழுத்தைத் தாண்டியதற்கும் திருப்பி அனுப்பினார்கள். முழுத் தரநிலையும் ஒரு லட்சம் வரிக்கு மேல் ஒரே கோப்பில் கிடக்கும்போது இவ்வளவு ஒழுங்கு வேண்டும்தான், அன்று மட்டும் எரிச்சலாக இருந்தது.

சேர்த்த கொஞ்ச நேரத்தில் என் வாக்கியம் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் வந்துவிட்டது. அம்மாவுக்குக் காட்டினேன். ‘இதுக்கா அஞ்சு மாசம்?’ என்றார்.

வேறுமாதிரி நடந்த அந்த மூன்றாவது உலாவிக்கு பக் (பிழைப் புகார்) பதிந்திருக்கிறேன். சோதனைப் பட்டியலில் அந்தக் கட்டம் இன்று காலை வரை சிவப்புதான்.