அடைமழையில் ஓஎம்-5: புதுக் கேமராவின் முதல் வாரம்

ஐப்பசி, கார்த்திகையில் புதுக் கேமரா வாங்குகிற பலர், மழை விடட்டும் என்று அதைப் பெட்டியிலேயே வைத்துவிடுகிறார்கள். சென்னையில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடித்தால் டிசம்பர் வரை விட்டுவிட்டு இழுக்கும். வெயிலுக்குக் காத்திருந்தால், கடையில் மாற்றித் தரும் கெடு முடிந்துபோகும். மழையைத் தாங்கும் என்பதற்காகவே கூடுதல் காசு கொடுத்து வாங்கிய கேமராவை, அந்தக் கெடுவுக்குள் மழையில் பார்த்துவிடுவதுதான் நியாயம்.

இங்கே பேசப்போவது ஓஎம் சிஸ்டம் ஓஎம்-5 கேமராவும், 12-40 மி.மீ. எஃப்/2.8 (லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறந்து ஒளியை விடும் என்பதைச் சொல்லும் எண்) ப்ரோ II லென்ஸும் சேர்ந்த ஜோடி பற்றி. முழு ஃபிரேமைவிடச் சின்னதான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சார், 20 மெகாபிக்சல். பேட்டரி, கார்டோடு பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) 414 கிராம், லென்ஸ் 382 கிராம். ஒரு கையில் குடை, மறு கையில் கேமரா என்று மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு மணி நேரம் நடக்க வேண்டியவருக்கு இந்த 800 கிராம் பெரிய விஷயம். முழு ஃபிரேம் கேமராவோடு எஃப்/2.8 ஜூம் சேர்ந்தால் பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவுக்குப் பக்கத்தில் போய்விடும்.

முதலில், தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்று காட்ட இந்தக் கேமராவுக்குக் கொடுத்திருக்கும் ஐபி53 என்ற எண்ணைப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் கேமராவை எங்கே நீட்டலாம், எங்கே உள்ளே இழுக்க வேண்டும் என்பதை அதுதான் சொல்கிறது. முதல் இலக்கம் 5 தூசிக்கு: கொஞ்சம் தூசி உள்ளே போனாலும் இயக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குப் போகாது. இரண்டாவது இலக்கம் 3 தண்ணீருக்கு: நேர் மேலிருந்து 60 டிகிரி சாய்வு வரை தெளித்து வரும் நீரைத் தாங்கும். அவ்வளவுதான். எல்லாத் திசையிலிருந்தும் தெறிக்கும் நீருக்கு 4 வேண்டும். ஆகவே தலைக்கு மேலிருந்து கொட்டும் மழை சரி, காற்றில் கொஞ்சம் சாய்ந்து அடிக்கும் மழையும் சரி. ஆனால் தேங்கிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் பேருந்து இடுப்பு உயரத்துக்கு வாரி அடிக்கிறதே, அது இந்தக் கணக்கில் வராது. மெரினாவில் கீழிருந்து எழும்பும் அலைத் தெறிப்பும் வராது. இதே வரிசையில் முன்பு வந்த இ-எம்5 மார்க் III கேமராவுக்கு ஐபிஎக்ஸ்1 மட்டுமே இருந்தது, அதாவது செங்குத்தாகச் சொட்டும் நீர் வரைக்கும். அந்த வகையில் ஓஎம்-5 உண்மையாகவே ஒரு படி மேல்.

இந்த எண் பாடிக்கும் லென்ஸுக்கும் சேர்த்துத்தான். 12-40 ப்ரோ II லென்ஸும் ஐபி53 என்பதால் ஜோடி பொருந்துகிறது. இதே பாடியில் 45 மி.மீ. எஃப்/1.8, முதல் தலைமுறை 17 மி.மீ. எஃப்/1.8 போன்ற லென்ஸைப் போட்டால் மழைக் காப்பே இல்லை. சீல் உள்ள லென்ஸை அடையாளம் காண்பது சுலபம்: கழற்றித் திருப்பினால் உலோக மவுண்டைச் சுற்றி மெல்லிய ரப்பர் வளையம் தெரியும். அதில் ஒரு முடியோ மணல் துகளோ ஒட்டியிருந்தாலும் அந்த இடத்தில் நீர் கசிய வழி கிடைத்துவிடும். மாட்டுவதற்கு முன் வளையத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள்.

வெளியே கிளம்புமுன் மூடிகளைப் பார்க்க வேண்டும். பேட்டரிக் கதவு, கார்டுக் கதவு, யூஎஸ்பி, எச்டிஎம்ஐ, மைக் துளைகளின் ரப்பர் மூடிகள். கதவுகள் 'க்ளிக்' என்று பூட்டுவதால் தப்பு நடப்பது குறைவு. தொல்லை ரப்பர் மூடிகளில்தான். யூஎஸ்பி வழியாக சார்ஜ் போட்டுவிட்டு அவசரத்தில் மூடும்போது ஒரு மூலை மட்டும் மேலே நிற்கும், கண்ணுக்கு மூடியது போலவே இருக்கும். கட்டை விரலால் நாலு ஓரத்தையும் அழுத்தி, நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் அது மூடவில்லை. மழைக்குள் போய்த் தண்ணீர் புகுந்த கேமராக்களில் சீல் தோற்றதைவிட மூடி சரியாக மூடாததே அதிகம் என்பது என் கணிப்பு. மேலே ஃப்ளாஷ் மாட்டும் ஷூவின் பிளாஸ்டிக் உறையையும் கழற்றாதீர்கள். அங்கே தண்ணீர் தேங்கினால் உலோகத் தொடுமுனைகள் துருப்பிடிக்கும்.

ஃபில்டரைவிட ஹூட் (லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பு வளையம்) முக்கியம். ஃபில்டரிலும் துளி விழத்தான் செய்யும், ஹூட்தான் விழாமல் தடுக்கும். கைக்கு இரண்டு துணி வேண்டும். பாடிக்குப் பழைய பருத்தி வேட்டித் துண்டு.  லென்ஸ் கண்ணாடிக்கு மட்டும் மைக்ரோஃபைபர், அதுவும் ஜிப் கவருக்குள் காய்ந்தபடி இருக்க வேண்டும். கண்ணாடியில் துளி விழுந்தால் உடனே தேய்க்காமல் ரப்பர் ப்ளோவரால் ஊதித் தள்ளிவிட்டு, மிச்சத்தை மட்டும் ஒற்றி எடுங்கள்.

மழையில் இந்தக் கேமராவைக் கையாளும்போது மூன்று விஷயங்கள் சட்டென்று குழப்பும். மூன்றையும் பழுது என்று நினைத்துப் பயந்துவிட வேண்டாம்.

ஒன்று, திரை திடீரென்று கறுத்துப்போகும். வியூஃபைண்டருக்குப் பக்கத்தில் கண் வந்ததைக் கண்டுபிடிக்கும் சிறிய சென்சார் இருக்கிறது. அதன் மேல் ஒரு துளி நின்றால் போதும், கண் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு திரையை அணைத்து வியூஃபைண்டரை எரியவிடும். துடைத்தால் சரியாகிவிடும். விடாத மழையில் தானாக மாறும் வசதியை மெனுவில் நிறுத்திவிட்டு வியூஃபைண்டர் மட்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டு, தொடுதிரை. துளி விழும் இடத்தையெல்லாம் விரல் என்று நினைத்து ஃபோகஸ் புள்ளி ஓடும், சில நேரம் தானாகப் படமும் எடுக்கும். தொடுதலை அணைத்துவிட்டு, திரையைத் திருப்பி முகம் உள்ளே இருக்கும்படி மூடிவிடுங்கள். இந்தக் கேமராவின் திரை பக்கவாட்டில் விரிந்து சுழலும் வகை என்பதால் அது முடிகிறது. திரையும் காயம் படாமல் இருக்கும்.

மூன்றாவதுதான் புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது. 12-40 லென்ஸின் ஃபோகஸ் வளையம் முன்னும் பின்னும் நகரும். பின்னால் இழுத்தால் கையால் ஃபோகஸ் செய்யும் முறைக்கு மாறி, வளையத்தில் தூர அளவுகள் தெரியும். ஈரக் கையோடு லென்ஸைத் துடைக்கும்போது துணி வளையத்தைப் பின்னால் இழுத்துவிடும். அதற்குப் பிறகு ஷட்டரை எவ்வளவு அழுத்தினாலும் ஆட்டோஃபோகஸ் அசையாது, படமெல்லாம் மங்கல். லென்ஸில் மீட்டர் எண்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் வளையத்தை முன்னே தள்ளுங்கள், வேலை முடிந்தது.

ஜூம் செய்யும்போது லென்ஸின் குழல் நீளும். நீண்ட குழல் நனைந்திருக்கும்போது அப்படியே 12 மி.மீ.க்குத் திருப்பினால், அதன் மேல் இருக்கும் நீரை உள் சீல் மேல் நாமே கொண்டுபோய்த் தேய்க்கிறோம். சுருக்குவதற்கு முன் குழலை ஒரு துடைப்புத் துடைக்க வேண்டும். கனத்த மழையில் ஒரே ஃபோகல் லெங்த்தில் வைத்துக்கொண்டு காலால் நகர்வது இன்னும் பாதுகாப்பு. லென்ஸ் மாற்றுவது, பேட்டரி மாற்றுவது எல்லாம் கூரைக்குக் கீழே, கையைத் துடைத்த பிறகுதான்.

இனி படம். மேகம் கனத்த மழை நேரத்தில் எஃப்/2.8-ல் ஐஎஸ்ஓ (சென்சார் ஒளியை உணரும் அளவு) 200 வைத்தால் ஷட்டர் சுமார் 1/250 நொடி கிடைக்கும். இன்னும் இருட்டினால் 1/60-க்கு இறங்கும். மழை படத்தில் எப்படித் தெரிய வேண்டும் என்பதை இந்த ஷட்டர் எண்தான் முடிவு செய்கிறது. 2 மி.மீ. அளவுள்ள துளி நொடிக்கு ஏறக்குறைய 6.5 மீட்டர் வேகத்தில் விழுகிறது. 1/60-ல் அது 11 செ.மீ. கோடாக நீளும், 1/250-ல் இரண்டரை செ.மீ. சரம், 1/1000-ல் அரிசி மணி அளவுக்கு ஒரு புள்ளி. 1/1000-ல் மழை எடுத்தவர்கள் பலர், படத்தில் மழையே தெரியவில்லை என்று ஏமாந்துபோகிறார்கள். மழை மழையாகத் தெரிய 1/125 முதல் 1/250 வரை எனக்குப் பிடித்த இடம். பின்னணி இருட்டாக இருக்க வேண்டும், ஒளி எதிரிலோ பக்கத்திலோ இருந்து வர வேண்டும். வெள்ளை வானத்தின் முன்னால் எந்த ஷட்டரிலும் மழை தெரியாது. கபாலீஸ்வரர் கோயில் குளத்தின் ஓரம், கடைத் தாழ்வாரத்தின் இருட்டைப் பின்னணியாக வைத்து எடுத்தால் ஒவ்வொரு சரமும் தனித்தனியாக எழும்பி நிற்கும்.

பாடியின் நடுக்கக் குறைப்பு 6.5 ஸ்டாப் வரை என்கிறது நிறுவனம் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஷட்டர் நேரத்தை இரட்டிப்பாக நீட்டலாம்). சாயங்காலம் மாட வீதியில் ஈரத் தரையில் விழும் கடை வெளிச்சத்தை 1/4 நொடியில் கையில் பிடித்தே எடுக்க முடிவது இந்த வசதியால்தான். ஆனால் நடக்கிறவர்கள் கலங்குவார்கள், அதை எந்த நடுக்கக் குறைப்பும் நிறுத்தாது. ஆள் தெளிவாக வேண்டுமென்றால் ஐஎஸ்ஓவை ஏற்றித்தான் ஆக வேண்டும். 1600 வரை தயங்க வேண்டாம். 3200 பயன்படுத்தலாம். 6400-ல் நனைந்த கறுப்புச் சாலையில் குருணை குருணையாக இரைச்சல் தெரியும், நிழலைத் தூக்கினால் இன்னும் மோசம். சின்ன சென்சாரின் விலை இது. மழை நாளில்தான் அதைக் கட்ட வேண்டியிருக்கிறது, வாங்குமுன் தெரிந்திருக்க வேண்டும்.

லைவ் என்டி என்ற வசதி ஓஎம்-5-ல் இருக்கிறது: பல படங்களைச் சேர்த்து நீண்ட எக்ஸ்போஷர் போலக் காட்டும். அருவிக்கும் அலைக்கும் அருமை. மழைக்கு ஆகாது, சரங்கள் கரைந்து வெறும் மூட்டமாகிவிடும். 50 மெகாபிக்சல் ஹை ரெஸ் முறையும் அப்படியே, மழை விட்ட பிறகு நனைந்து நிற்கும் கோபுரத்துக்குப் பயன்படுத்துங்கள்.

ஆட்டோஃபோகஸை எல்லாப் புள்ளிகளிலும் விட்டால் அருகே விழும் சரத்தையோ குடை விளிம்பையோ பிடித்துக்கொள்ளும். ஒற்றைப் புள்ளி அல்லது சின்னக் குழு, எஸ்-ஏஎஃப் (ஒருமுறை ஃபோகஸ் பிடித்து நிற்கும் முறை), கோடு அழுத்தமாக இருக்கும் ஓர் ஓரத்தில் வைத்து எடுங்கள். வெளுத்த வானம் ஃபிரேமில் பாதி இருந்தால் எக்ஸ்போஷரை +0.7 ஏற்றுங்கள். கறுப்புக் குடைக் கூட்டம் நிறைந்தால் -0.3 இறக்குங்கள். இருட்டிய பிறகு எல்இடி விளக்குக் கடைகளின் முன் சைலண்ட் ஷட்டர் (சத்தமில்லாத மின்னணு ஷட்டர்) வேண்டாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும், படத்தில் பட்டை பட்டையாக விழும். மெக்கானிக்கல் ஷட்டர், 1/50 அல்லது 1/100.

மழையைவிட எனக்கு அதிகம் பயம் ஏசி அறைதான். நவம்பரில் வெளியே 27 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால், 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருள் மேலும் பனி படியும். 22 டிகிரி அறையில் ராத்திரி முழுக்கக் கிடந்த கேமராவை வாசலில் எடுத்ததும் முதலில் வியூஃபைண்டர் மங்கும், பிறகு லென்ஸின் முன் கண்ணாடி பால் ஊற்றியது போலாகும். வெளியே படிந்தது துடைத்தால் போகும். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றினால் ஈரக்காற்று குளிர்ந்த சென்சார் மேல் போய்ப் படியும், அதைத் துடைக்க முடியாது. அறைக்குள்ளேயே ஜிப் கவரில் போட்டு மூடி, அப்படியே வெளியே கொண்டுவந்து 30, 40 நிமிடம் விடுங்கள். கவருக்கு வெளியேதான் ஈரம் படியும். பேட்டரியையும் கார்டையும் முந்தைய இரவே போட்டுவைத்துவிட்டால் திறக்கும் தேவையே வராது.

திரும்பி வந்ததும் மூடிகளைத் திறக்காமல் முதலில் முழுப் பாடியையும் துடையுங்கள். டயல்களுக்கு அடியிலும் திரையின் கீல் இடுக்கிலும் ஒளிந்திருக்கும் நீரை ப்ளோவரால் வெளியே தள்ளி ஒற்றுங்கள். கடற்கரைக்குப் போயிருந்தால் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு முறை துடைத்துவிட்டு, பிறகு காய்ந்த துணி. இல்லையென்றால் நீர் ஆவியாகி உப்பு மட்டும் இடுக்கில் தங்கும். அதன் பிறகு மின்விசிறிக் காற்றில் இரண்டு மணி நேரம். ஹேர் ட்ரையர் வேண்டாம், சூடு சீல்களையும் பசையையும் இளக்கும். கதவுக்குள் ஒரு துளி தென்பட்டாலும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். வேலை செய்கிறதா பார்க்கலாம் என்று ஆன் செய்வதுதான் போர்டைப் பொசுக்கும். நீர் புகுந்த பழுதை வாரன்டி பொதுவாக ஏற்பதில்லை, ஐபி எண் இருந்தாலும்.

மழைக்காலம் முழுக்கக் கேமராவைத் தோல் பையில் வைக்காதீர்கள், பூஞ்சைக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது. இறுக மூடும் 5 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, 100 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் போதும். மீட்டர் 40 முதல் 50-க்குள் நிற்க வேண்டும். 30-க்குக் கீழே போனால் ஜெல்லைக் கொஞ்சம் குறையுங்கள். அரிசியில் புதைத்து வைப்பது உதவாது, மாவுத் தூசிதான் உள்ளே போகும். ஜெல் ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் வகையில் கோபால்ட் இருக்கிறது, அது நச்சு. நிறம் மாறியதும், சமையலுக்கு இனி எடுக்காத பழைய வாணலியில் போட்டு, சின்னத் தீயில் பழைய நிறம் திரும்பும் வரை புரட்டி, நன்றாக ஆறிய பிறகு டப்பாவில் போடுங்கள்.