காப்பி என்றால் நகல் இல்லை: இதழியல் தேர்வு எழுதுவோருக்கு

இதழியல் தேர்வின் மொழிபெயர்ப்புப் பகுதியில் கடினமான சொற்களைவிடத் தெரிந்த சொற்கள்தான் அதிக மதிப்பெண்ணைக் காவு வாங்குகின்றன. ஆங்கிலத்தின் ‘காப்பி’ (copy) அப்படிப்பட்ட சொல். கண்ணில் பட்டதும் கை தானாக ‘நகல்’ என்று எழுதிவிடும். அச்சுத் தொழிலிலோ அது நேர் எதிர். அச்சுக் கோப்பவர் எதை முன்னால் வைத்து, பார்த்துப் பார்த்து எழுத்துக் கோத்தாரோ அந்தத் தாள்தான் காப்பி; அதாவது மூலம். 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலத்தில் இந்தப் பொருள் வழக்குக்கு வந்துவிட்டது. தமிழிலும் ‘கையெழுத்துப் பிரதி’ என்கிறோம். அது எதையும் பார்த்து எடுத்த பிரதி அல்லவே. இந்த ஒப்புமையைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

மீதிக்கு இலக்கணம் கைகொடுக்கும். நிருபர் எழுதித் தரும் வாசகம் என்ற பொருளில் வரும்போது காப்பி எண்ணப்படாத பெயர்ச்சொல், தண்ணீர் மாதிரி. முன்னால் ஒருமையைக் காட்டும் ஆங்கில ‘எ’ (a) வராது, பன்மையும் ஆகாது. ‘எ காப்பி’, ‘காப்பீஸ்’ என்று கண்டால் பெரும்பாலும் அச்சான இதழின் படிகள். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: ‘த சப் கட் த காப்பி, பட் டென் தவுசண்ட் காப்பீஸ் ஹேட் ஆல்ரெடி கான் அவுட்.’ இதைத் ‘துணையாசிரியர் பிரதியை வெட்டினார்’ என்று தொடங்கினால், அவர் கத்தரிக்கோலோடு நிற்கிற காட்சிதான் வாசகர் மனதில் வரும். ‘துணையாசிரியர் செய்தியைச் சுருக்கினார், அதற்குள் 10,000 பிரதிகள் வெளியே போய்விட்டன’ என்பது சரி. ஒரே வரியில் ஒரே சொல்லுக்கு இரண்டு தமிழ்ச் சொற்கள் வேண்டியிருக்கிறது. அதற்குத் தயங்க வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ‘இன்றைக்கு மூன்று காப்பி கொடுத்தேன்’ என்று நிருபர்கள் பேச்சில் எண்ணிச் சொல்வார்கள். மூன்று செய்திகள் என்று பொருள். வினாத்தாள் பத்தி செய்தியறை உரையாடலாக இருந்தால் இலக்கண விதியை மட்டும் நம்பாமல் வினைச்சொல்லையும் பாருங்கள். ‘ஃபைல்’ உடன் வந்தால் செய்தி அனுப்புவது, ‘செல்’ உடன் வந்தால் இதழ் விற்பது.

அடைமொழியோடு வருபவை தனி வகை. ‘கிளீன் காப்பி’ சுத்தமான தாள் அல்ல. திருத்துகிறவருக்கு வேலை வைக்காத செய்தி. ‘பாடி காப்பி’ தலைப்பும் படவிளக்கமும் நீங்கிய உடல் பகுதி. ‘ஹி மேக்ஸ் குட் காப்பி’ என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். எழுவாய் எழுதுகிறவர் அல்ல, எழுதப்படுகிறவர். ‘அவர் நன்றாக எழுதுவார்’ என்றால் பொருள் தலைகீழ். ‘அவரைப் பற்றி எழுதினால் சுவையான செய்தி தேறும்’ என்பதே கருத்து. ‘காப்பி அப்ரூவல்’ கேட்கும் பிரமுகர், தன்னைப் பற்றிய கட்டுரையை வெளியிடும் முன் தனக்குக் காட்டி ஒப்புதல் வாங்கச் சொல்கிறார்.

பணிப் பெயர்களில் அமெரிக்காவின் காப்பி எடிட்டரும் பிரிட்டனின் சப் எடிட்டரும் ஏறக்குறைய ஒரே வேலைதான். காப்பி டேஸ்டர் எதையும் ருசிப்பதில்லை. வந்து குவியும் செய்திகளில் எது தேறும் என்று பொறுக்குகிறவர். காப்பி டேக்கர், தொலைபேசியில் நிருபர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தவர். காப்பி பாய், தாள்களை மேசைக்கு மேசை கொண்டுபோனவர். கடைசி இரண்டையும் கணினி விழுங்கிவிட்டது. ஆகவே இறந்தகாலத்தில் எழுதுங்கள்.

காப்பிரைட்டர் செய்தியாளர் அல்ல, விளம்பர வாசகம் எழுதுகிறவர். காப்பிரைட் பதிப்புரிமை. ஒலியை நம்பினால் இரண்டும் உறவு போலத் தெரியும். முன்னதில் இருப்பது எழுதுதல், பின்னதில் இருப்பது உரிமை. பதிப்புரிமைக்கு ஆண்டு குறிப்பிட வேண்டுமானால் 1710, பிரிட்டனில் ஆன் அரசி காலத்துச் சட்டம்.

‘காப்பி: சிறுகுறிப்பு வரைக’ என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்டால், லத்தீன் ‘கோப்பியா’வுக்கு மிகுதி என்று பொருள் என ஆரம்பித்து நான்கு வரியை வீணாக்க வேண்டாம். செய்தி வாசகம் என்ற வரையறை ஒரு வாக்கியம், இதழ்ப் படியிலிருந்து வேறுபாடு ஒரு வாக்கியம், கூட்டுச் சொற்கள் மூன்று, எடுத்துக்காட்டு ஒன்று. அது போதும்.

விடைத்தாளைக் கொடுக்கும் முன் மொழிபெயர்ப்பில் ‘நகல்’ எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று ஒருமுறை விரல் வைத்துப் பாருங்கள். ‘ஹார்டு காப்பி’க்கு எதிரே இருந்தால் விட்டுவிடலாம், அங்கேயும் ‘அச்சுப்படி’ இன்னும் பொருந்தும்.