சுகர் பீன்ஸ், டின் மீன், மீலி மீல்: மாதக் கடைசிச் சமையல்

மாதக் கடைசியில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அடியில் கிடக்கும் அரிசி, ஒரு பாக்கெட் சுகர் பீன்ஸ் (புள்ளி போட்ட காய்ந்த பீன்ஸ்), பருப்பு, மீலி மீல் என்கிற மக்காச்சோள மாவு, ஒன்றிரண்டு டின் மீன் (தக்காளி சாஸில் அடைத்த பில்ச்சர்ட்), கூடையில் உருளைக்கிழங்கும் வெங்காயமும். இவை எதற்கும் வாட் வரி கிடையாது என்பதைக் கவனித்து வாங்குகிறவர்கள் குறைவு. 2018 ஏப்ரலிலிருந்து வாட் வரி 15 சதவீதம். காய்ந்த பீன்ஸ், பருப்பு, அரிசி, மீலி மீல், சாம்ப் (உடைத்த மக்காச்சோளம்), மீலி ரைஸ் (அதையே அரிசி அளவுக்குப் பொடியாக உடைத்தது), முட்டை, சமையல் எண்ணெய், பிரவுன் பிரெட், டின் பில்ச்சர்ட் எல்லாம் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. டின்னில் வரும் பீன்ஸ், டூனா, சார்டைன், வெள்ளை பிரெட் ஆகியவற்றுக்கு வரி உண்டு. மசாலாவுக்கும் உண்டு, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

கடையில் மிச்சம் பிடித்ததை பிரீபெய்ட் மீட்டர் தின்றுவிடக் கூடாது. 1500 வாட் அடுப்புத் தட்டு முழுச் சூட்டில் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒன்றரை யூனிட். ஊறவைக்காத பீன்ஸ் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கேட்கும். அதனால் இந்த முறை செய்து பார்த்ததில் பெரும்பகுதி பீன்ஸைப் பற்றியதுதான்.

500 கிராம் சுகர் பீன்ஸ், 2 லிட்டர் தண்ணீர், 2 தேக்கரண்டி உப்பு. இரவு ஊறப்போட்டால் காலையில் இரு மடங்கு கனம் வந்துவிடும். உப்புப் போட்டால் பீன்ஸ் வேகாது என்று சொல்வார்கள். ஊறும் தண்ணீரில் போடும் உப்புக்கு அது பொருந்தாது. தோலை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியத்தின் இடத்தில் சோடியம் போய் உட்காருவதால் தோல் இளகுகிறது. வேகும்போது வெடிப்பதும் குறைகிறது. டர்பன் ஜனவரிப் புழுக்கத்தில் வெளியே வைத்தால் தண்ணீர் நுரைத்துப் புளிக்கும், ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

வேகவிடாமல் தடுப்பது புளிப்பு. தக்காளியோ புளியோ பீன்ஸ் மெத்தென்று ஆவதற்கு முன் போட்டால், அதன் பிறகு எவ்வளவு நேரம் கொதித்தாலும் நடுவில் ஒரு கடினம் நிற்கும். இன்னொரு காரணம் பழைய சரக்கு. வெப்பமும் ஈரமும் உள்ள அலமாரியில் பல மாதம் கிடந்த பீன்ஸ் ஊறினாலும் வேகாது. கடற்கரை ஊரில் இது சகஜம். அதற்குக் கால் தேக்கரண்டி சோடா உப்பு போதும். அரைத் தேக்கரண்டிக்குப் போனால் குழம்பில் சோப்பு வாடை வரும், நிறமும் மங்கும். பாக்கெட்டைப் பிரித்ததும் மூடி இறுக்கமான டப்பாவில் கொட்டி, வாங்கிய மாதத்தை மேலே எழுதி ஒட்டிவிட்டால் பழையது முதலில் தீரும்.

அடுத்து சூட்டுப் பெட்டி. 2008இல் இந்த நாட்டில் வந்த, கொதித்த பானையைச் சூடு போகாமல் பொதிந்து வைக்கும் வொண்டர்பேக் பையின் தத்துவம்தான், ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மீன்பிடிக்கப் போகிறவர்கள் ஐஸ் போட்டு எடுத்துப்போகும் கூலர் பெட்டியும் ஒரு பழைய போர்வையும் போதும். ஊறிய பீன்ஸைக் கழுவி, பானையில் போட்டு, கெட்டிலில் கொதித்த தண்ணீரை மேலே இரண்டு விரல் நிற்கும்படி ஊற்றுங்கள். கொதி வந்ததும் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. வேகாத பீன்ஸில் லெக்டின் என்றொரு நச்சு இருக்கிறது. அது கொதிநிலையில்தான் அழியும். 80 டிகிரியில் மெதுவாகக் கிடந்தால் அழிவதற்குப் பதில் வீரியம் கூடும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். கொதிக்க வைக்காமல் நேரே பெட்டியில் வைப்பதும் ஸ்லோ குக்கரில் போடுவதும் அதனால்தான் ஆபத்து.

கொதித்ததும் மூடியைத் திறக்காமல் பானையைத் தடித்த துண்டில் சுற்றி இறக்குங்கள். வெறும் பானையை வைத்தால் தெர்மோகோல் உருகி அடியில் ஒட்டும். சுற்றிலும் இடைவெளி இல்லாமல் போர்வையை அடைத்துப் பெட்டியை மூடினால், நான்கு மணி நேரத்தில் விரலால் நசுக்கும் பதத்தில் இருக்கும். பானை முக்கால்வாசி நிறைந்திருக்க வேண்டும். அரைப் பானைக்குச் சூடு சீக்கிரம் இறங்கிவிடும், பீன்ஸும் அரைவேக்காடாக நிற்கும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள், வெதுவெதுப்பில் கிடந்தால் கெட்டுவிடும். எடுத்ததும் ஒரு கொதி விட்டுத்தான் அடுத்த வேலை. லோட் ஷெடிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு வந்தாலும் பெட்டிக்குள் இருப்பதற்குக் கவலையில்லை.

500 கிராம் காய்ந்த பீன்ஸ் வெந்தால் ஒன்றேகால் கிலோ வரும், எட்டுப் பேருக்குத் தாராளம். 3 மேசைக்கரண்டி எண்ணெயில் கடுகு, சீரகம், இரண்டு வெங்காயம், கொல்லையில் கறிவேப்பிலை மரம் இருந்தால் கை நிறைய இலை. வெங்காயம் பொன்னிறமானதும் இஞ்சி பூண்டு விழுது, அரைத் தேக்கரண்டி மஞ்சள், 2 மேசைக்கரண்டி கறி மசாலா. மாமியார் மசாலா என்று பெயர் போட்டு விற்பதை என்றால் ஒன்றரைக்கு மேல் வேண்டாம், பேர் சும்மா வைக்கவில்லை. மசாலா விழுந்த உடனே கால் கப் தண்ணீர் தெளிக்க வேண்டும். காய்ந்த பொடி சூட்டில் அரை நிமிடத்தில் கருகும், அந்தக் கசப்பு பிறகு போகாது. இரண்டு உருளைக்கிழங்கைப் போட்டு வெந்த பிறகு தக்காளி, கடைசியில் பீன்ஸ். ஒரு கரண்டி பீன்ஸை மசித்து விட்டால் குழம்பு தானாகக் கெட்டிப்படும். பாதியை ஆறவைத்து ஃப்ரீசரில் வைத்துவிடலாம்.

பிரெட்டைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் பன்னி சௌவுக்கும் இதுவே. கடையில் வெள்ளை பிரெட்டில்தான் தருவார்கள். வரியில்லாத பிரவுன் பிரெட்டை வெட்டாத முழு லோஃபாக வாங்கிக் கால்வாசி வெட்டிக் குடைந்து பார்த்ததில் சுவர் நன்றாக நிற்கிறது, ஆனால் குழம்பைக் குறைவாகத்தான் உறிஞ்சுகிறது. அதனால் குழம்பு இளக்கமாக வேண்டும்.

டின் மீன் குழம்பு யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, 400 கிராம் டின் ஒன்றை நான்கு பேருக்கு எட்டவைப்பதில்தான் விஷயம். மூன்று உருளைக்கிழங்கைக் கால் அங்குலக் கனத்துக்கு வட்டமாக வெட்டி, தாளித்த மசாலாவில் ஒரு கப் தண்ணீர் விட்டு முக்கால் பதம் வேகவையுங்கள். அதற்குப் பிறகுதான் டின்னில் உள்ள சாஸ். பீன்ஸுக்குச் சொன்ன அதே காரணம் இங்கேயும்: சாஸ் முதலில் போனால் கிழங்கு வேகாமல் அடம் பிடிக்கும். சாஸிலேயே தக்காளி இருப்பதால் தனியே ஒரு தக்காளி போதும், புளி தேவையில்லை. அப்படியும் புளித்தால் அரைத் தேக்கரண்டி சர்க்கரை. மீனைக் கடைசி எட்டு நிமிடத்துக்கு மேலே பரப்பி, கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்து ஆட்டுங்கள். ஏற்கெனவே டின்னில் வெந்த மீன், கிளறினால் கூழாகிவிடும். முள் மெத்தென்றுதான் இருக்கும், எறியாதீர்கள், கால்சியம் அதில்தான். மேலே தனியா இலை. மறுநாள் இன்னும் ருசி.

சாம்ப் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. பீன்ஸுடன் இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் சேர்த்து ஊறவைத்து, அதே பெட்டியில் வைத்தால் பீன்ஸ் வெந்துவிடுகிறது, சாம்ப் சற்றுக் கடிபடுகிறது. பெட்டியிலிருந்து எடுத்த பின் 20 நிமிடம் அடுப்பில் வைத்தால் சரியாகிறது. அடுத்த முறை சாம்பை மட்டும் முதலில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டுப் பார்க்க வேண்டும்.

மீலி மீலில் மாரியம்மன் கோயில் கூழ் எல்லாருக்கும் தெரியும். வீட்டில் அவசரத்துக்கு: ஒரு கப் மாவை முதலில் ஒன்றரை கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் மூன்று கப் தண்ணீரில் கிளறிக்கொண்டே ஊற்றி, சிறு தீயில் 20 நிமிடம். மாவை நேரே சுடுதண்ணீரில் கொட்டினால் வெளியே வெந்து உள்ளே பச்சையாக உருண்டை உருண்டையாக நிற்கும். ஆறிய பிறகு இரண்டு கப் அமாசி (புளித்த பால்), உப்பு, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய். சூட்டோடு அமாசியை ஊற்றினால் திரிந்துவிடும். இரவு புளிக்கவைக்க மறந்தவர்களுக்கு அந்தப் புளிப்பு அமாசியிலிருந்தே கிடைத்துவிடுகிறது. தொட்டுக்கொள்ள மாங்காய் ஊறுகாயோ, முந்தின நாள் டின் மீன் குழம்பின் அடியோ.